கடுகளவு குழி

பல் கட்டுகிற தொழிலில் பேர் எடுப்பது கொஞ்சம் வேடிக்கையான சங்கதி. செய்த வேலை யார் கண்ணுக்கும் படாமல் இருந்தால்தான் அது நல்ல வேலை. கல்யாண வீட்டில் ஒரு பெரியவர் வாய் நிறையச் சிரிக்கிறார், பக்கத்தில் இருப்பவர் இந்த வயதிலும் இவருக்குப் பல் கொட்டவில்லையே என்று வயிறு எரிகிறார் என்றால், எங்கோ ஒரு மெக்கானிக் ஜெயித்துவிட்டான் என்று அர்த்தம். கடலூர் மஞ்சக்குப்பத்தில், டாக்டர் கதிர்வேலின் பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஷீட் கூரை போட்ட ஒற்றை அறையில், தேவசகாயம் இருபது வருஷமாக இப்படித்தான் ஜெயித்துக்கொண்டிருந்தார். டென்டல் மெக்கானிக் என்பது உத்தியோகப் பெயர். தெருவில் பல்செட்டுக்காரர் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள்.

ஆக, மறைப்பதே பிழைப்பு என்று இருபது வருஷம் பழகிப்போன கை அது. அந்தக் கையை நம்பி ஒருவர் தன் பைப்பைக் கொடுத்தார். வினை அங்கே ஆரம்பித்தது.

கொடுத்தவர் பூவராகன். சிதம்பரத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிப்போய், பிள்ளைகள் வெளிநாட்டில் தங்கிவிட, கனகசபை நகர் வீட்டில் தனியாக இருந்தார். டாக்டர் கதிர்வேலின் அண்ணன் அவரிடம் படித்தவர். அந்தப் பாசத்தில், சிதம்பரத்தில் அத்தனை பல் டாக்டர்கள் இருந்தும் பஸ் ஏறிக் கடலூருக்கு வருவார். 2005ஆம் வருஷக் கோடையில் கடைவாய்ப் பல் ஒன்று பிளந்து வந்தார். சட்டைப் பையில் புகையிலை பைப் ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பல்லைப் பிளந்த குற்றவாளி அதுதான் என்று டாக்டர் சிரித்தார். பல்லுக்குப் பட்ட அடி பைப்புக்கும் பட்டிருந்தது. வாயில் வைக்கிற கறுப்புப் பகுதியில் கடித்துக் கடித்தே ஓட்டை விழுந்திருந்தது.

தேவசகாயம் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது கந்தகம் போட்டு வேகவைத்த ரப்பர். அந்தக் காலத்துப் பல்செட்டுகளும் இதே ரப்பரில் செய்தவைதான் என்று அவருக்குத் தெரியும். சொந்தக்காரனை வெளியூரில் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம் வந்தது. "ஒரு வாரம் டயம் குடுங்க சார்" என்றார்.

ஒரு வாரத்தில் ஓட்டை அடைந்து, நாள்பட்டுப் பச்சை பூத்துக் கிடந்த ரப்பர் கறுத்து மின்னியது. பூவராகன் தம் நண்பர்களிடம் சொன்னார். சிதம்பரத்திலும் கடலூரிலும் பாண்டிச்சேரியிலும் பைப் பிடிக்கிற கிழவர்கள் மொத்தமே பத்துப் பன்னிரண்டு பேர் தேறுவார்கள். அத்தனை பேரும் தேவசகாயத்தைத் தேடி வந்தார்கள். பாண்டிச்சேரியில் பழைய சாமான் விற்கிற ஒருவர், வெள்ளைக்காரர் வீடுகளில் கிடந்த பைப்புகளைத் துணிப்பையில் போட்டு அனுப்பினார். கரி சுரண்டி, அழுக்கு எடுத்து, மெருகு ஏற்றி அனுப்பும் வேலை. தேவசகாயத்தின் மனைவி மரியபுஷ்பம், "ஊரான் எச்சிலைக் கழுவுறதுல அப்பிடி என்னாதான் சொகமோ" என்பாள். பல்செட்டும் எச்சில்தானே என்று இவர் பதில் சொல்வார். பைப் ரிப்பேர் செய்கிறாராமே என்று கேள்விப்பட்டு, எதிர்வீட்டு அம்மாள் குழாய் ஒழுகுகிறது வந்து பாருங்கள் என்று கூப்பிட்டதும் உண்டு.

பைப்பின் கிண்ணம் பிரையர் என்கிற மரத்தில் செய்வது. மரம் என்றும் சொல்ல முடியாது. தூர தேசத்துக் கடலோரத்தில் கல்லுக்கு நடுவே வளர்கிற குத்துச்செடியின் வேர்முண்டு. வளரும்போதே மண்ணையும் கல்லையும் உள்ளே வாங்கிக்கொள்ளும். கடைந்து எடுத்தால் அங்கங்கே சின்னச் சின்ன மணல்குழிகள் தெரியும். பூவராகன் முதல் வருஷமே சொல்லியிருந்தார்.

"குழி இல்லாத பிரையர் லட்சத்துல ஒண்ணு, தேவசகாயம். அது சொத்தை இல்ல, பரவாது. அப்பிடியே விட்டுட்டா நம்ம காலத்துக்கு அப்புறமும் உழைக்கும்."

இதை அவர் சொல்லும்போது தேவசகாயம் தலையை ஆட்டினார். பின்னாளில் இந்தத் தலையாட்டலை நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லாமல் போய்விட்டது.

2007ஆம் வருஷம் ஆடி மாதம் பூவராகன் தம் ஆசைப் பைப்பைக் கொண்டுவந்தார். மேல்படிப்புக்கு இங்கிலாந்து போனபோது முதல் உதவித்தொகையில் வாங்கியது. நேரான, அலங்காரம் எதுவும் இல்லாத பைப். கிண்ணத்தின் இடப்பக்கம் கடுகளவில் ஒரு குழி. "உள்ள கரி ஜாஸ்தியா சேர்ந்துபோச்சு. சுரண்டிக் குடுங்க, அது போதும்" என்றார்.

கரியைச் சுரண்டினார். அரை மணி நேர வேலை, முடிந்தது. துணியில் சுற்றி வைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கடுகளவு குழி அவரை முறைத்துக்கொண்டே இருந்தது. இத்தனை அழகான பைப்பில் இது ஒன்று இல்லாவிட்டால் எப்படி இருக்கும், புரொபசர் முகம் எப்படி மலரும் என்று நினைத்துப் பார்த்தார். இதற்குப் பேர்தான் கொழுப்பு.

முன்னறையில் டாக்டர் சொத்தைப் பல்லைக் குடைவதை இருபது வருஷமாகப் பார்த்தவர். கெட்டது இருக்கிற வரைக்கும் குடைய வேண்டும், துளி மிச்சம் வைத்தாலும் உள்ளுக்குள்ளே பரவும். கை அந்தப் பாடத்தைத்தான் ஞாபகம் வைத்திருந்தது. மெஷினில் சின்ன முனையைப் பொருத்தி, குழியில் இருந்த சாம்பல் நிற மண்ணை எடுத்தார். அதற்குக் கீழே இன்னும் கொஞ்சம். அதற்கும் கீழே மரம் மெத்தென்று இருந்தது. கெட்டி மரம் வரட்டும் என்று குடைந்தார். கெட்டி மரம் வரவில்லை, வெளிச்சம்தான் வந்தது. கிண்ணத்தின் சுவர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஓட்டையாகிவிட்டது.

அப்போதாவது போன் போட்டு, சார் இப்படி ஆகிப்போச்சு என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பூவராகன் இரண்டு நாள் வருத்தப்பட்டிருப்பார், அவ்வளவுதான். தேவசகாயம் போனைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் பல்செட் செய்கிற அக்ரிலிக் டப்பாவை எடுத்தார். நிறமில்லாத பவுடர் தீர்ந்திருந்தது. ஈறு செய்கிற ரோஸ் நிறப் பவுடர்தான் இருந்தது. அதைக் குழைத்து ஓட்டையை அடைத்தார். நிறம் தெரியாமல் இருக்க மேலாக மட்டும் மரத்தூளையும் காபி டிகாஷனையும் கலந்து பூசினார். தேய்த்தார். மேலே பழுப்பு ஷூ பாலிஷ் போட்டார். உள்பக்கம் தயிரில் கரித்தூளைக் குழைத்துப் பூசிக் காயவைத்தார். பைப்காரர்கள் சாதாரணமாகச் செய்கிற பூச்சுதான் அது. யாரும் சந்தேகப்பட முடியாது.

பூவராகன் வாங்கிப் பார்த்து அசந்துவிட்டார். "குழி இருந்த இடமே தெரியலையே" என்று இடப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். "இத்தனை வருஷமா விரல் அங்கதான் போய் உக்காரும். இப்ப உக்கார எடம் இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தார். தேவசகாயம் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். பல்செட் நெருப்பில் வைக்கிற பொருள் இல்லை என்பது மெக்கானிக்குக்குத் தெரியாதா? தெரியும். தினமும் நெருப்பு வைக்கிற கிண்ணத்தில் எத்தனை நாள் தாங்கும் என்கிற கேள்வியை அவர் தனக்குள்ளே எழவிடவில்லை.

மூன்று மாதம் தாங்கியது.

ஐப்பசியில் ஒரு நாள் பூவராகன் மழையில் நனைந்தபடி வந்து, கைக்குட்டையை மேஜைமேல் பிரித்தார். கிண்ணம் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"வேலைக்காரி கீழ போட்டுட்டா. ஒத்துக்க மாட்டேங்கிறா. அலமாரியில வச்சது வச்ச இடத்துல தானா உடைஞ்சு கிடந்துச்சாம். உடைச்சதுகூடப் பரவால்ல, ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது. சாதிக்கிறா. நீங்க நல்லா பார்த்துச் சொல்லுங்க. விழுந்து உடைஞ்சதா, இல்ல தானா உடைஞ்சதா?"

பார்க்கவே தேவையில்லை. உடைந்த விளிம்பில், கருகின பழுப்புக்கு நடுவே, மெல்லிய கோடாக ரோஸ் நிறம் தெரிந்தது. சூடு ஏற ஏற அக்ரிலிக் தளர்ந்து, பிடி விட்டு, மெலிந்த சுவர் அதே இடத்தில் வாய் பிளந்திருந்தது. மற்றவர்களுக்கு அது ஏதோ மரத்தின் நரம்பு. தேவசகாயத்துக்கு அது தன் கையெழுத்து. அப்படியும் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் யோசித்தது பைப்பைப் பற்றி இல்லை. பத்துப் பன்னிரண்டு கிழவர்கள், பாண்டிச்சேரித் துணிப்பை, கைராசிக்காரர் என்கிற பேர், இதைத்தான்.

"விழுந்த மாதிரிதான் சார் தெரியுது" என்றார்.

"அதான் பார்த்தேன்" என்றார் பூவராகன்.

ஒட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லித் துண்டுகளைக் கேட்டார் தேவசகாயம். கையில் கிடைத்தால் அந்த ரோஸ் கோட்டைச் சுரண்டிவிடலாம். பூவராகன், "வேணாம், இருக்கட்டும்" என்று கைக்குட்டையை மடித்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து வேறு விஷயமாகப் போனில் பேசியபோது, அந்தம்மா என்ன ஆனார்கள் என்று பட்டும் படாமலும் கேட்டார் தேவசகாயம். நிறுத்திவிட்டேன் என்றார் புரொபசர். பேர் அமிர்தமாம், கிள்ளை பக்கமாம், ரெண்டு வருஷமா இருந்தாளாம், சமையல் நன்றாக இருக்குமாம்.

விழுந்தது என்று நான் சொல்லவில்லையே, விழுந்த மாதிரி தெரியுது என்றுதானே சொன்னேன் என்று தேவசகாயம் தனக்குத்தானே வக்காலத்து வாங்கிப் பார்த்தார். பலிக்கவில்லை. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்ய முழங்காலிட்டபோது, "ஒரு பொய் சொன்னேன் சாமி" என்றார். என்ன பொய், யாருக்கு என்ன ஆயிற்று என்பதையெல்லாம் உள்ளே வைத்து மேலே பாலிஷ் போட்டுவிட்டார். சாமியார் பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். வெளியே வரும்போது மனசு லேசாகவில்லை. ஆண்டவரிடமும் அடைத்துக் கொடுத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு எந்தப் பைப்பிலும் குழியை அவர் தொட்டதில்லை. திருப்பிக் கொடுக்கும்போது கூடவே ஒரு துண்டுச் சீட்டு வைப்பார். 'வலப்பக்கம் ஒரு குழி. அடியில் ஒரு கீறல். இரண்டும் அப்படியே உள்ளன.' இப்படி எழுதிக் கொடுக்கிற ஆளை எங்கேயும் பார்த்ததில்லை என்று கிழவர்கள் மெச்சினார்கள். பாண்டிச்சேரிக்காரர், தேவசகாயம் சீட்டு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று விளம்பரமே செய்தார். நேர்மையானவர் என்கிற பேரும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு முறை யாராவது அப்படிச் சொல்லும்போதும் அவர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொள்வார். அடக்கம் என்று அதையும் மெச்சினார்கள்.

2009இல் பூவராகனுக்கே முழுப் பல்செட் கட்ட வேண்டி வந்தது. தேவசகாயம் தம் கைவரிசை மொத்தத்தையும் காட்டிச் செய்து கொடுத்தார். அதற்குப் பிறகு புரொபசர் முன்போல அடிக்கடி வருவதில்லை. வந்தாலும் பைப்பைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பிவிடுவார். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

2011ஆம் வருஷம் அக்டோபரில் ஏதோ ஒரு சங்கத்துக்காரர்கள் டாக்டர் கதிர்வேலிடம் இலவசப் பல்செட் முகாம் நடத்தினார்கள். கடலோர ஊர்களிலிருந்து முப்பது பேர் வந்தார்கள். மெழுகில் பல்லைப் பதித்து வாயில் வைத்துப் பார்க்கிற கட்டம் ஒன்று உண்டு. அன்றைக்கு மெக்கானிக்கும் பக்கத்தில் நிற்க வேண்டும். நோயாளியைப் பேசவிட்டு, எந்த எழுத்தில் பல் இடிக்கிறது, எங்கே நாக்கு தடுக்குகிறது என்று பார்த்துத்தான் கெட்டிப்படுத்துவார்கள். ஐம்பது வயதுக்கு மேலான ஒரு அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, நேரான முதுகு. சீட்டில் அமிர்தம், கிள்ளை என்று எழுதியிருந்தது.

கிள்ளையில் எத்தனையோ அமிர்தம் இருக்கலாம் என்று தேவசகாயம் நினைத்துக்கொண்டார்.

"எதனா பேசுங்கம்மா" என்றார். "பேச்சுல பல்லு எங்க இடிக்குதுன்னு பார்க்கணும்."

"என்னாத்த பேசுறது?"

"என்ன வேலை பார்க்குறீங்க, அதச் சொல்லுங்க."

"இப்ப கருவாடு விக்கிறேன் சார். சுனாமியில படகு, வூடு எல்லாம் போச்சு. வூட்டுக்காரரு அதுக்கு முன்னாடியே போயிட்டாரு. அப்புறம் சிதம்பரத்துல ஒரு வூட்ல சமைச்சுப் போட்டேன். மொத பஸ்ஸுல போயிடுவேன். பெரிய படிப்பு படிச்சவரு. எந்நேரமும் வாயில பைப்ப வச்சினு இருப்பாரு. நல்ல மனுஷன். கொழம்புல உப்பு ஜாஸ்தியானாக்கூட ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு."

தேவசகாயம் கையில் இருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஒரு நாளு அந்தப் பைப்பு ஒடஞ்சு கெடந்துச்சு. நான் தொடவே இல்ல சார். நீ போட்டியான்னாரு, இல்லய்யான்னேன். ஆமான்னு சொல்லிடு, ஒண்ணும் பண்ண மாட்டேன், வேலையப் பாருன்னாரு. செஞ்சிருந்தா சொல்லலாம். செய்யாதத எப்பிடிச் சொல்றது? அப்புறம் கடலூர்ல யாரோ ஒருத்தராண்ட எடுத்துனு போய்க் காமிச்சாராம். அதுல பெரிய கைகாரராம். அவரு வுழுந்து ஒடஞ்சதுதான்னுட்டாராம். அவரே சொல்லிட்டாரு, இன்னும் என்னா பொய்யின்னாரு. அதுக்கு மேல நான் என்னா பேசுறது? அதே தெருவுல மூணு வூட்ல வேல கேட்டேன். சாமானை ஒடச்சிட்டு சாதிப்பியாமே, வேணாம்மான்னுட்டாங்க."

பல் எங்கேயும் இடிக்கவில்லை. அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"அந்தக் கடலூர் ஆளு மேல கோவம் இல்லையாம்மா?" என்று கேட்டார். கேட்டிருக்கவே கூடாது.

"அவரு என்னைப் பார்த்தவரா, தெரிஞ்சவரா? கண்ணுக்குப் பட்டதச் சொல்லியிருப்பாரு. படிச்சவங்களுக்கும் தப்பு வரும், இல்ல?" என்றார் அமிர்தம். பிறகு, "பேச்சு நல்லா வருதா சார்?"

"நல்லா வருதும்மா."

கண்ணாடியை வாங்கி வாயைப் பார்த்துக்கொண்ட அமிர்தத்துக்கு முகம் கோணியது. "இது யாரோ மாதிரி இருக்கு சார். எனக்கு முன்னாடி பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும். அப்பிடியே வச்சிக் குடுங்க. என் பல்லு எப்பிடி இருந்துச்சுன்னு ஊருக்கே தெரியும். இப்பப் போயி வரிசையா வச்சினா, யாரை ஏமாத்த?"

தேவசகாயம் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பல்லை வேண்டுமென்றே கோணலாக வைத்தார். எதிரில் உட்கார்ந்திருக்கிறவரிடம் நான்தான் அந்தக் கடலூர் ஆள் என்று சொல்ல, அன்றும் வாய் வரவில்லை. மறுவாரம் வந்து பல்செட்டை வாங்கிக்கொண்டு அமிர்தம் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடுதான் தேவசகாயத்தைக் கொன்றது. மரியபுஷ்பம் சோறு போட்டால் பாதியில் எழுந்துவிடுவார். சர்க்கரை கூடியிருக்கும், டெஸ்ட் எடுங்கள் என்றாள் அவள். நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம், ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடலாம் என்று மூன்று மாதம் ஓடியது. வருஷக் கடைசியில் 'தானே' என்கிற புயல் வந்து கடலூரைப் புரட்டிப் போட்டது. மஞ்சக்குப்பத்து அறையின் ஷீட் கூரை பறந்து, பல்லும் பைப்பும் மழையில் மிதந்தன. கரண்ட் இல்லை, வேலை இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஜனவரிக் கடைசியில் சிதம்பரம் பஸ் ஏறினார்.

பூவராகன் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தேவசகாயம் உட்காரவில்லை. நின்றபடியே, குடைந்தது, ஓட்டை விழுந்தது, அடைத்தது, பொய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னார். வழியில் ஒத்திகை பார்த்த சமாதானங்கள் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. புரொபசர் கத்துவார் என்று காத்திருந்தார்.

பூவராகன் எழுந்து உள்ளே போய், அந்தக் கைக்குட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் பிரித்தார். பிறகு தம் வாயிலிருந்த பல்செட்டைக் கழற்றி, பைப் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஈறும் கோடும் ஒரே ரோஸ்.

"எனக்குத் தெரியும்" என்றார். பல் இல்லாமல் அந்தச் சொல் குழறியது. பல்செட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு பேசினார். "நீங்க இதைக் கட்டிக் குடுத்த அடுத்த மாசமே தெரியும். காலையில கழுவும்போது கலரைப் பார்த்தேன், எங்கேயோ பார்த்த கலரா இருக்கேன்னு தோணுச்சு. துண்டை எடுத்துச் சூடு பண்ணி மோந்து பார்த்தேன். வேதியியல்ல முப்பது வருஷம் குப்பை கொட்டினவன். மொத நாளே கண்டுபிடிச்சிருக்கணும்."

"அப்ப ஏன் சார் என்னைக் கேக்கல?"

பூவராகன் கைக்குட்டையை மடித்துத் தேவசகாயத்தின் பக்கம் நகர்த்தினார். "உங்களைக் கேட்டுட்டா, அடுத்தது நான் அவகிட்டப் போயாகணும். எந்த மூஞ்சிய வச்சினு போறது? அதனால கேக்கல."

அவருக்குக் கேட்க வெட்கம், இவருக்குச் சொல்ல வெட்கம். பெரிய படிப்புக்காரர் ஒருவர், பெரிய கைகாரர் ஒருவர். இரண்டு பேருடைய மானத்தையும் இத்தனை வருஷம் கிள்ளையிலிருந்து ஒரு கருவாட்டுக்காரி சுமந்திருக்கிறாள். பூவராகன் செருப்பைப் போட்டுக்கொண்டார். தேவசகாயம் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்.

கிள்ளையில் விழுந்த மரங்களை இன்னும் அறுத்து முடிக்கவில்லை. அமிர்தத்தின் வீட்டுக்குக் கூரை போய், நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. வாசலில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர் புரொபசரைப் பார்த்ததும் சேலையில் கையைத் துடைத்தபடி எழுந்தார். பின்னால் நின்ற தேவசகாயத்தைப் பார்த்து, "நீங்க பல்லு வச்சிக் குடுத்தவரு இல்ல?" என்றார். சிரித்தபோது முன்பல் ஒன்று மேல் ஒன்று ஏறியிருந்தது.

"நான்தாம்மா அந்தக் கடலூர் ஆளு" என்றார் தேவசகாயம். அதற்குப் பிறகு மிச்சத்தைச் சொன்னார். பூவராகன் தன் பங்கைச் சொன்னார். அமிர்தத்தின் சிரிப்பு எப்போது போனது என்று தெரியவில்லை.

"அன்னிக்கு நான் சொல்லச் சொல்ல பக்கத்துலயே நின்னு கேட்டுனு இருந்தீங்களே" என்றார்.

பூவராகன், "திரும்ப வேலைக்கு வந்துடு அமிர்தம்" என்றார்.

"வேணாம்யா. எனக்கு இது போதும்." குனிந்து இரண்டு கருவாட்டைப் புரட்டிப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "நான் ஒடைக்கலன்னு எனக்குத் தெரியாதாய்யா? அன்னிக்கே சொன்னனே. எனக்குத் தெரிஞ்சதையே என்னாண்ட சொல்ல இம்மாந் தூரம் வந்திருக்கீங்க. தெரியாதவங்க உங்க தெருவுலதான் இருக்காங்க. மூணு வூடு. அவுங்களாண்ட போய்ச் சொல்லுங்க."

"தெருவுலயா?" என்றார் பூவராகன்.

"ஆமா. அங்கதான என் பேரு கெட்டுச்சு."

கூட வருகிறாயா என்று கேட்டதற்கு, நான் எதற்கு வர வேண்டும் என்று கேட்டுவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இருவரும் அடுத்த பஸ்ஸில் திரும்பினார்கள். கனகசபை நகரில் இறங்கி நடந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. முதல் வீட்டின் இரும்பு கேட்டுக்கு முன்னால் பூவராகன் நின்றுவிட்டார். முப்பது வருஷமாக அந்தத் தெருவே எழுந்து நின்று வணக்கம் வைத்த மனிதர். "இன்னொரு நாள் வச்சுக்கலாமா?" என்றார். அந்த இன்னொரு நாளைத் தேவசகாயத்துக்கு நன்றாகத் தெரியும். கையை நீட்டி மணியை அழுத்தினார்.

வீட்டுக்கார அம்மாள் வந்து, "வாங்க சார், உள்ள வாங்க" என்று கேட்டைத் திறந்தார். வேண்டாம், இங்கேயே சொல்கிறோம் என்றார் பூவராகன்.

"அமிர்தம்னு எங்க வீட்டுல வேலை பார்த்தாளே, அவ விஷயமா..."

"அமிர்தமா? எந்த அமிர்தம்?" அந்த அம்மாள் யோசித்தார். முகம் தெளிந்தது. "ஓ, உங்க பைப்பப் போட்டு உடைச்சாளே, அவளா?"

தேவசகாயம் கைக்குட்டையைப் பிரித்து, உடைந்த விளிம்பு தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் நீட்டினார்.

"இல்லம்மா. உடைச்சது நான்."